தொழில் தொடங்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் செய்யத் துணிச்சல் இல்லை" என்று என் வயதுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. துணிச்சல் பழகப் பழக வருவது. பழக நாம் இடம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்று காரணங்களால் உருவாகிறது என்று உளவியல் அறிஞர் ஐசெக் அய்சன் 1991-இல் எழுதினார். அந்தச் செயலைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம், வேண்டியவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற யோசனை, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை. இளைஞர்களின் தொழில் ஆர்வத்தை ஆராய்பவர்கள் பலரும் இதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

நம்பிக்கை எப்படி வருகிறது என்பதைத் திருப்பூரில் பார்க்கலாம். பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க வரும் பையன் சில வருடங்களில் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறான். பீஸ் ரேட் என்ன, எவ்வளவு துணி வேஸ்ட்டாகும், யார் பணம் தராமல் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் வேலையோடு வேலையாகக் காதில் விழுகிறது. தன்னைப் போல வந்தவர் முதலாளியானதையும் கண்ணெதிரே பார்க்கிறான். பிறகு இரண்டு பழைய மிஷினை வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். யாரும் அவனுக்கு ஊக்க உரை ஆற்றியதில்லை.

சிவகாசியின் கதையும் இதுவே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். ஊர் திரும்பிய பிறகே ஆலை தொடங்கினார்கள்.

நம் வீட்டுப் பட்டதாரியோ நான்கு வருடப் படிப்பில் ஒரு பில் போட்டிருக்க மாட்டான். வசூலுக்கு ஒரு கடைப்படி ஏறியிருக்க மாட்டான். அவனுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

பணம் பெரிய தடைதான், மறுக்கவில்லை. ஆனால் சிறுதொழில்களுக்கான முத்ரா கடன் 2015 முதல் இருக்கிறது. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனால் இந்த மானியம் கேட்டு மாவட்டத் தொழில் மையத்தின் படியேறும் முன்பே பல பிள்ளைகளின் ஆசை வீட்டிலேயே அடங்கிப்போகிறது. "மாசம் எவ்வளவு வருது?" என்று பெண் வீட்டார் கேட்பார்களே என்று தகப்பனுக்குக் கவலை. மகள் கேட்டால், "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில். வேண்டியவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற யோசனை என்று அய்சன் சொன்னது இதைத்தான்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். படிக்கும்போதே பிள்ளையை விடுமுறையில் ஒரு கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு அனுப்புங்கள். தொழில் தொடங்குகிறேன் என்று வந்தால் இவ்வளவு பணம், இவ்வளவு காலம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். நஷ்டப்பட்டுத் திரும்பினால் குத்திக்காட்டாமல் சோறு போடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, அதன் பிறகு பிள்ளைக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.