ஒன்றியவாழ்வு என்னும் சொல்

நாம் தொழிலால் தமிழாசிரியர். வானியல் எமது துறையன்று. எனினும், 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருடைய இடம் இரு தவணைகள் நிரப்பப்படாமலே கிடந்தது. பத்தாம் வகுப்பினரின் வெறும் பாடவேளைகள் எம்மிடம் வந்து சேர்ந்தன. இத்தகைய வெற்றிடங்கள் எந்தப் பாடசாலைகளில் நீள்கின்றன, எவற்றில் ஒரு கிழமைக்குள் நிரம்புகின்றன என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வடமகுடம் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஓர் உடு அவ்வாண்டு செப்டெம்பருக்குள் வெடித்து ஒளிரக்கூடும் என்று வானியலாளர் அப்போது அறிவித்திருந்தனர். அதனையே பாடமாக்கினோம்.

உண்மையில் அஃது ஓர் உடுவன்று, இரண்டு. எம்மிடமிருந்து ஏறத்தாழ 3000 ஒளியாண்டுத் தொலைவில், 228 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்று செம்பூதம்: முதுமையில் ஊதிப் பருத்து, மேற்பரப்புக் குளிர்ந்து சிவந்துபோன உடு. மற்றது வெண்குள்ளன்: எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சிய கரு, ஞாயிற்றினும் மிகுந்த நிறையைப் புவியினும் சிறிய உருண்டையுள் அடக்கி நிற்பது. செம்பூதத்தின் புறத்தேயுள்ள ஐதரசன் வாயு வெண்குள்ளனை நோக்கி வழிகிறது. அதனைச் சுற்றித் தட்டாகச் சுழன்று, பின் அதன்மேற் படிகிறது. படை தடிக்கத் தடிக்க அடியில் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. ஏறக்குறைய 80 ஆண்டுகளில் ஓரெல்லை கடந்ததும், சேர்ந்த வாயு முழுவதும் அணுக்கரு இணைவாற் பற்றி வெடித்துச் சிதறுகிறது. குள்ளன் அழிவதில்லை, வழிதல் மீண்டும் தொடங்குகிறது. தொலைநோக்கியின்றிக் காணவியலாத அவ்வுடு, வெடிக்கும்போது துருவ மீனளவு ஒளிர்ந்து, ஒரு கிழமையளவில் மறுபடியும் வெறுங்கண்ணுக்கு மறைந்துவிடும். 1866 மே மாதத்திலும் 1946 பெப்ரவரியிலும் இது நிகழ்ந்தது.

இத்தகைய இணைகளுக்குப் பெயரிட்டவர் அமெரிக்க வானியலாளர் போல் மெரில். தண்ணிய உடுவொன்றின் அடையாளமும் கடும் வெம்மை கொண்ட ஒன்றின் அடையாளமும் ஒரே ஒளியிற் கலந்திருக்கக் கண்ட அவர், 1940களில் உயிரியலிலிருந்து ஒரு சொல்லை இரவல் பெற்றார். எமது பாடநூல்களில் அதற்கு ஒன்றியவாழ்வு என்று பெயர். சொல்லைக் கண்டதும் தமிழ் படித்தவன் மயங்குவது இயல்பு. இரு உடுக்கள் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதாக நாம் வகுப்பில் உருகிப் பேசினோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், ஒண்டு மற்றதிலையிருந்து எடுத்துக்கொண்டே இருக்குதெண்டால், அதை ஒட்டுண்ணியெண்டெல்லோ எங்களுக்குப் படிப்பிச்சவை?"

பெரிய அறிஞர் இட்ட பெயரென்று அவளை இருத்திவிட எமக்கு வாய் வந்தது. ஆனால் அந்த வாரமே நாம் அவர்களுக்குச் சந்திரசேகரின் கதையைச் சொல்லியிருந்தோம். வெண்குள்ளன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓரெல்லை உண்டு, அது ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் முடிவுக்கு, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழிளைஞர் கணக்கிட்டு வந்ததையும், 1935 சனவரியில் இலண்டன் வானியற் கழகத்திலே எடிங்டன் அதனை எள்ளியதையும், 1983இல் நோபெற் பரிசு வந்ததையும் விரித்திருந்தோம். நாம் பேசிக்கொண்டிருந்த வெண்குள்ளனே அவ்வெல்லைக்கு மிக அண்மையில் நிற்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அக்கதையைச் சொன்ன வாயால் மாணவியை அடக்குவது எங்ஙனம்? பெயர் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் மறுகோடிக்குச் சென்றோம். எடுத்துக் குவிப்பவன் ஒருநாள் வெடிப்பான் என்றொரு சமுதாயப் பாடம் ஆயத்தமாகக் கையில் இருந்தது. அதனை மகிழ்ச்சியோடு நடத்தினோம். இம்முறை ஒரு மாணவன்: "பூதம் தானாய்ப் பெருத்து வழியுது. அதிலை ஆரிலை பிழை சேர்?"

அவன் சொன்னதே சரி. தன் ஈர்ப்பு தன் வாயுவைப் பிடித்துவைக்கக்கூடிய எல்லைவரை செம்பூதம் பருத்துவிட்டது. அதற்கப்பால் உள்ளது வழிகிறது. அங்கே கொடுப்பாருமில்லை, பறிப்பாருமில்லை. நாம் செய்த பிழை சிறிதன்று. பிறர் உழைப்பைப் பறிப்பவனுக்கு வானத்தில் உவமை தேடிக் கொடுத்தால், அவன் செய்கையும் வான நியதிபோல் மாற்றவொண்ணாததாகிவிடுகிறது. சோழ மன்னர் தம்மைச் சூரிய குலத்தினர் என்று கூறிக்கொண்டதும் இந்த வழியிற்றான். நிலத்தில் நடப்பது மனிதர் செய்வது. ஆதலால் மனிதர் மாற்றக்கூடியது. இதனை மேடைகளிற் பலமுறை பேசியிருக்கிறோம். வகுப்பில் ஓர் உவமையின் அழகில் மறந்துபோனோம்.

அதன்பின் உடுவை உடுவாகவே விட்டு, அதனைப் பார்த்த மனிதரைப் பற்றிப் பேசினோம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் பண்ணைக் குடும்பமொன்றிற் பிறந்த லெஸ்லி பெல்ற்றியர் 25 ஆண்டுகளாக இவ்வுடுவைக் காவல் காத்தார். 1946இல் அது வெடித்த இரவில் தடிமன் வருவதாக உணர்ந்து மீண்டும் படுத்துவிட்டார். அதனை முதலிற் கண்டோருள் ஒருவர் சோவியத் நாட்டைச் சேர்ந்த கமென்சுக். தொழில், றெயில் பாதையைப் பார்த்து நடப்பது. வேல்சிலுள்ள நியூபோர்ட்டில் ஒரு 15 வயதுப் பாடசாலை மாணவனும் தன் வீட்டிலிருந்து கண்டான். இதைக் கேட்டபோது வகுப்பில் எழுந்த சலசலப்பை நாம் அடக்கவில்லை.

யூன் மாதத்து ஓரிரவு பாடசாலை மைதானத்தில் 11 பேர் கூடினோம். சுவாதியை எல்லாரும் அறிந்திருந்தனர், பஞ்சாங்கத்தில். வானத்தில் அதனைக் கண்டவர் ஒருவருமில்லை. செம்மஞ்சளாய் ஒளிர்ந்த அதற்கு வடகிழக்கே, வளைந்து கிடந்த ஏழு மீன்களைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் சென்றது. பின்னும் பல இரவுகள் பார்த்தோம். செப்டெம்பர் கழிந்தது, ஒன்றும் நிகழவில்லை.

புதிய விஞ்ஞான ஆசிரியர் வந்த நாளில், முதலிற் கேள்வி கேட்ட மாணவி தன் கொப்பியை எம்மிடம் காட்டினாள். ஏழு மீன்களையும் மையாற் புள்ளியிட்டு, மகுடத்தின் கிழக்கோரத்துக்குச் சற்று வெளியே பென்சிலால் ஒரு சிறு வட்டம் வரைந்திருந்தாள். அதன் உட்புறத்தை நிரப்பாமல் விட்டிருந்தாள். பக்கத்தின் தலைப்பில் எழுதியிருந்த ஒன்றியவாழ்வு என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு கேள்விக்குறி இருந்தது.