கோவளத்து அலையும் கைக்கருவியும்

மனிதன் தன் கைக்கெட்டாததை எட்டுதற்குக் கருவி செய்தான். நாளடைவில் அக்கருவியே அவன் பெருமையிலும் பங்கு கேட்கத் தொடங்கிற்று. விளையாட்டில் வென்றது வீரனோ, அவன் பூண்ட பொருளோ என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இதற்கு விடை நாடி நூல்நிலையத்திற் பல நாட்கள் கழித்தேன். சிறிதளவேனும் விடை கிட்டியது கோவளக் கடற்கரையில், உப்புநீரைக் குடித்த பின்னரேயாம்.

சென்ற விடுமுறையில் ஒருநாள், விடியுமுன் தாம்பரத்திற் பேருந்தேறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சேர்ந்தேன். அலைச்சறுக்குப் பயில வேண்டுமென்பது என் நெடுநாள் அவா. கோவளம் மீனவர் ஊர். இவ்வூரினரான மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் 2012ஆம் ஆண்டில் இங்கு அலைச்சறுக்குப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் நடைபெறலாயிற்று. கட்டுமரத்தில் அலைகடந்தோரின் மக்கள் பலகைமீது அலையேறக் கற்றதில் வியப்பில்லை.

அப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. பண்டு ஹவாய்த் தீவினர் கனத்த மரப்பலகைகளின்மேல் நின்று விளையாடினர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், பாலியூரித்தேன் நுரையும் கண்ணாடியிழையும் வந்து பலகையை இலேசாக்கின. ஆட்டம் பலர்க்கும் எளிதாயிற்று. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடமும் பெற்றது.

நிற்க. என் கைப்பேசியில் அன்றைய அலையின் உயரமும் காற்றின் திசையும் மணிவாரியாகக் காணப்பட்டன. ஏழு மணிக்கு இறங்குதல் நன்று என்பது அதன் கூற்று. எனக்குக் கற்பிக்க இசைந்த இளைஞரோ, என்னினும் வயதிற் குறைந்தவர், கடலையே நோக்கி நின்றார். யான் கைப்பேசியை அவர்முன் நீட்டினேன்.

“அண்ணா, அதை உள்ளே வைங்க. காத்து மாறிப்போச்சு, கொஞ்சம் பொறுப்போம்” என்றார்.

யான் பொறுத்தேனல்லேன். கல்லூரியிற் பயின்றவன் என்னும் செருக்கு என்னை முன்னே தள்ளிற்று. இடுப்பளவு நீரைக் கடக்குமுன் ஓர் அலை என்னைப் புரட்டியது. பலகை தோளில் மோதியது. மேல் எது, கீழ் எது என அறியாது திகைத்தேன். அவ்விளைஞர் பாய்ந்து வந்து என்னைக் கரைசேர்த்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சற்றுநேரம் கழித்து, “போன் பொய் சொல்லலை அண்ணா. அது கடல் முழுசுக்கும் சொல்லுது. இந்தக் கரைக்கு நாமதான் பார்க்கணும்” என்றார்.

யான் நாணினேன். ஆயினும், கருவியை இகழ்தல் என் கருத்தன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையெங்கும் புகுந்தபோது, முன்னறிவிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. ஆங்கிருந்து வரும் அலைக்குறிப்பு இன்று மீனவர் கைப்பேசிக்கும் எட்டுகின்றது. உயிர்காக்கும் அறிவை வேண்டாவென்பார் யார்?

தீங்கு எங்கே தொடங்குகின்றது? 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சற் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. நீரில் வழுக்கிச் செல்லும் புதுவகை உடையே அதற்குப் பெருங்காரணம் எனக் கண்ட நீச்சற் சம்மேளனம், 2010 ஜனவரி முதல் அவ்வுடையை விலக்கிற்று. புகழ் நீந்தியவனுக்கோ துணிக்கோ என்னும் ஐயம் எழுந்த இடத்தில் எல்லைக்கோடு இட்டது தக்கதே. இனி, 2015இல் கெல்லி சிலேட்டர் என்னும் அலைச்சறுக்கு வீரர், கலிபோர்னியாவில் கடலுக்குச் சேய்மையில், இயந்திரத்தால் அலையெழுப்பும் குளமொன்றை உலகுக்குக் காட்டினார். அங்கே ஒவ்வோரலையும் ஒத்தது. ஆதலின் போட்டியில் நடுநிலைமை மிகும். ஆனால், கடலறிந்தவனுக்கு அங்கே வேலை யாது?

கோவளத்துப் பலகை அத்தகையதன்று. அது மீனவர் மகனை ஆசிரியனாக்கிற்று, என்னை மாணவனாக்கிற்று. புதிய கருவி எதுவாயினும், அறிந்தவனை உயர்த்துகின்றதா, அன்றி அகற்றுகின்றதா என்று கேட்டே அதனை ஏற்றல் வேண்டும். இவ்வினா விளையாட்டோடு நிற்பதன்று. தறிக்கும் வயலுக்கும் நம் வகுப்பறைக்கும் பொருந்தும். 2021இல் இக்கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. கரை அழகுறுதல் நன்றே. அதனால் கரையில் வாழ்வோர் அயலாராதல் ஆகாது.

அன்று ஒன்பது மணியளவில் கடல் சற்றே அடங்கிற்று. அவ்விளைஞர் தலையசைத்தார். யான் இறங்கினேன், பலமுறை வீழ்ந்து, ஒருமுறை நின்றேன். மீண்டும் செல்வேன். கைப்பேசியையும் கொண்டே செல்வேன். ஆயின், அதனைப் பார்த்த பின்னர் அவரருகில் நின்று கடலையும் பார்ப்பேன்.