ஒன்றரை நாளில் தார் பாலைவனம்

‘ஜோத்பூர் காஸ்ரி நிறுவனத்துக்குப் பயிற்சிக்காகப் போகிறேன். முடிந்த பிறகு ஒன்றரை நாள் இருக்கிறது. பாலைவனத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வர முடியுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். போன தை மாதம் நானும் என் மைத்துனரும் அப்படித்தான் போனோம். பாதி நேரத்தை வீணடித்தும் வந்தோம்.

ஜோத்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது ஜெய்சால்மர். அங்கிருந்து எல்லோரும் போகும் இடம், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேடு. நாங்களும் போனோம். ஜீப் சத்தமும் ஒட்டகச் சவாரிப் பேரமுமாக முதல் நாள் முழுக்கப் போய்விட்டது. நடக்க ஆசைப்படுபவர்களுக்குத் தென்மேற்கே உள்ள குரி கிராமம்தான் சரி. இரவு அங்கே தங்கினோம்.

மறுநாள் காலை ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு கிளம்பினோம். “மாமா, அந்த மேடு வரைக்கும் போயிட்டு வந்துடலாம்” என்றார் மைத்துனர். பக்கத்தில் தெரிந்த மேட்டை அடைய ஒன்றரை மணி நேரம் ஆனது. வரப்பில் நடக்கும் வேகத்தில் பாதிகூட மணலில் வராது. திரும்பும்போது தண்ணீர் தீர்ந்திருந்தது. எங்கள் காலடித் தடத்தைக் காற்று மூடியிருந்தது. எல்லா மேடும் ஒன்றுபோலவே தெரிய, மைத்துனர் பேச்சை நிறுத்திவிட்டார். தூரத்தில் ஒரு வன்னி மரமும், அதன் கீழே ஆடு மேய்ப்பவர் ஒருவரும் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். தன் கேனில் இருந்த தண்ணீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க அவருக்கு இருந்ததே அவ்வளவுதான் என்று பிறகுதான் உறைத்தது.

அதனால் ஆளுக்கு நான்கைந்து லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம் கூட வேண்டும். பொழுது புலரும் முன் கிளம்பி, 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இதற்கெல்லாம் காலம். இரவில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் தேவை. எல்லை மாவட்டம் என்பதால் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

விவசாயிக்கு உண்மையான விருந்து, ஜெய்சால்மரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் குல்தாரா பக்கம். பாலிவால் மக்கள் விட்டுப்போன ஊர் அது. அவர்கள் கைவண்ணத்தில் வளர்ந்த ‘காதீன்’ முறை இன்றும் அந்தப் பகுதியில் நடக்கிறது. பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைப் பள்ளத்தில் மண்கரை போட்டு நிறுத்துகிறார்கள். மிஞ்சியது வெளியேற, நம் ஏரிக் கலிங்கு போல ஒரு வழி. தண்ணீர் மண்ணில் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். பிறகு பாசனமே கிடையாது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில்!

கரைமேல் நின்றால் ஒரு பக்கம் பச்சைக் கடலைச் செடி, மறுபக்கம் கல்லும் முள்ளும். மைத்துனர் இறங்கி மண்ணைக் கிளறினார். ஒரு சாண் ஆழத்தில் கையில் ஒட்டியது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரம்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நீங்கள் சாமை விட்டுவிடுங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் காதீன், மாலையில் குரி, மறுநாள் விடியலில் நடை.