பம்பின் மேல் பழி

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. வண்டி நின்றால் இறங்கிப் பார்ப்பவர்கள் ஒரு வகை. இறங்குமுன்பே குற்றவாளி இன்னார் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் மற்றொரு வகை. நாமோ இருபது வருஷ காலமாக உபாத்தியாயத் தொழில் செய்து வருகிறோம். எந்த வகையைச் சேர்ந்தவர் என்று வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நம்முடையது தகப்பனார் காலத்து அம்பாஸடர்; 1974ஆம் வருஷத்தியது. அந்த வண்டியின் உற்பத்தியே 2014இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. நம்முடையது அவ்வப்போது நடுவழியில் நிற்குமே தவிர, அடியோடு நின்றதில்லை.

இத்தகைய வண்டியில் பெட்ரோல் டாங்கி பின்புறம் இருக்கிறது. பெட்ரோலை எதிர்பார்த்திருக்கும் கார்புரேட்டரோ முன்புறம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தூது போவது, எஞ்சினின் விலாவில் பொருத்திய ஒரு சிறு பம்பு. எஞ்சின் சுழலும்போது ஒரு நெம்புகோல் ஆடி, பம்புக்குள்ளிருக்கும் ‘டயாபிரம்’ என்னும் ரப்பர்த் திரையை இழுக்கும். பெட்ரோல் உள்ளே வரும். பிறகு ஒரு ஸ்பிரிங் திரையைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். விஷயம் இவ்வளவுதான்.

நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை 2025இல் வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் அந்தச் சரக்கு, அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணத்தைக் குறைக்கிறது என்பதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் பழைய காலத்து ரப்பரை அது கெடுத்துவிடும். ஆகையால், சென்ற தை மாதத்தில் நம் மேஸ்திரி பழைய திரையை எடுத்துவிட்டு, எத்தனாலுக்குத் தாங்கும் புதுத் திரை போட்டுக் கொடுத்தார்.

சித்திரையில் மைத்துனர் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகக் குடும்ப சகிதம் திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டோம். மணப்பாறை தாண்டியதும் வண்டி இருமியது, விக்கியது, பிறகு நின்றது. வெயிலில் பம்பு சூடேறிவிட்டது என்று நினைத்து அதன்மேல் ஈரத் துணியைப் போட்டோம். கால் மணி கழித்து வண்டி கிளம்பிற்று. மறுபடியும் நின்றது, மறுபடியும் ஈரத் துணி. இப்படி மூன்று தடவை. போய்ச் சேர்ந்தபோது தாம்பூலம் மாற்றி முடிந்து, பந்தியும் எழுந்துவிட்டது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சுமப்பதைவிட வண்டியைத் தள்ளியிருக்கலாம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், “மேஸ்திரி மட்டமான சாமானைப் போட்டு நம்மை ஏமாற்றிவிட்டார்” என்று பிரஸ்தாபித்தோம். சக உபாத்தியாயர் இருவர் தங்கள் வண்டிகளை அன்றைக்கே வேறிடத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனோம். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. பம்பின் அடியில் பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்தார். ஆயில் அளக்கும் குச்சியை உருவி முகர்ந்தார். திரை கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்து வாசனை காட்டிவிடுமாம். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் வண்டல் இருக்கிறதா என்றும் பார்த்தார். எங்கும் குற்றமில்லை.

“வாத்தியாரையா, இது நிற்கிற இடத்தில் பார்க்க வேண்டிய காரியம். நிற்காத இடத்தில் எல்லா வண்டியும் யோக்கியந்தான்” என்று சொல்லி, ஒரு கண்ணாடிப் புட்டியுடன் நம் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

முக்கால் மணி ஓடியபின் வண்டி இருமி நின்றது. “மின்சாரக் கோளாறானால் பட்டென்று உயிர் போகும். இது தாகத்தில் விக்கிச் சாகிறது” என்றார். தீப்பொறி எழாதபடி காயில் கம்பியைக் கழற்றினார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயை அவிழ்த்துப் புட்டிக்குள் விட்டு, ஸெல்பைச் சுற்றச் சொன்னார். நல்ல பம்பானால் துடிப்புத் துடிப்பாகப் பீச்ச வேண்டும். நாலு சொட்டுத்தான் விழுந்தது.

“பார்த்தீரா!” என்றோம், வெற்றிக் களிப்புடன்.

அவர் பதில் சொல்லாமல் வண்டியின் பின்புறம் போய் டாங்கி மூடியைத் திருகினார். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. “இப்போது சுற்றுங்கள்” என்றார். அதே பம்பு, அதே சூடு. ஈரத் துணியும் இல்லை. புட்டியில் பெட்ரோல் பீச்சிப் பீச்சி விழுந்தது.

“இந்த மூடி ஏது?” என்று கேட்டார்.

துருப்பிடித்த பழைய மூடி அழகாயில்லை என்று, பங்குனியில் நாமே கடையில் வாங்கிய பளபளப்பான புது மூடி அது! பழையதில் காற்றுப் போக ஊசித் துளை உண்டு. புதியதில் இல்லை. பெட்ரோல் வெளியே போகப் போக, காற்று உள்ளே வர வேண்டாமா? எண்ணெய் டின்னில் இரண்டு துளை போட வேண்டும் என்பது நம் வீட்டுச் சமையலறைக்குத் தெரியும். வளிமண்டல அழுத்தத்தை வருஷந்தோறும் எட்டாம் வகுப்புக்குப் போதிக்கும் நமக்குத்தான் தோன்றவில்லை. கால் மணி ஓய்வில் எங்கேயோ ஓர் இடுக்கு வழியாகக் காற்றுப் புகுந்து வண்டியைக் கிளப்பியிருக்கிறது. பெயரை ஈரத் துணி வாங்கிக் கொண்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டோம். “வண்டி ஓடினால் சரி, ஐயா” என்றார். அந்த இருவர் விஷயத்தை அவர் எடுக்கவேயில்லை. தெரியாமலிருக்க நியாயமில்லை. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் நம் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக் கொண்டோம். ஒருவர் மேஸ்திரியிடம் திரும்பிப் போனார். மற்றவர், “புது இடம் பழகிவிட்டது” என்று சொல்லிவிட்டார்.

பழைய மூடியை எறியாமல் வண்டியின் பின்பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். அதைத் துடைத்து மாட்ட ஒரு நிமிஷந்தான் ஆயிற்று. வாயிலிருந்து போன சொல்லை எடுத்துத் துடைத்து மாட்டத்தான் வழி தெரியவில்லை.