பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி

டாக்டர் "பாசிட்டிவ்" என்று சொன்னதும் மாமா சிரித்துவிட்டார். என் தொடையில் தட்டி, "நான்தான் சொன்னேன்ல மாப்ள" என்றார்.

நானும் சிரித்தேன். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறவனுக்கு பாசிட்டிவ் என்றால் லாபம், நெகட்டிவ் என்றால் நஷ்டம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார், கிராஸ் மேட்ச்ல பாசிட்டிவ்னா உங்க கிட்னியை அவங்களுக்கு வைக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

இது 2022-ல் நடந்தது. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் ஓய்ந்துபோய், வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த காலம். மாமாவுக்கும் அவளுக்கும் ஒரே ரத்த குரூப். அதோடு பிரச்னை தீர்ந்தது என்றுதான் குடும்பமே நினைத்தது. ரத்த குரூப் என்பது வெறும் வாசற்கதவு, உள்ளே இன்னும் பல கதவுகள் இருக்கின்றன என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

கிராஸ் மேட்ச் என்பது கேட்க எளிமையான டெஸ்ட். கொடுப்பவரின் வெள்ளையணுக்களை எடுத்து, வாங்குபவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். அணுக்கள் பிழைத்துக் கிடந்தால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம். செத்துப்போனால், எதிர்ப்பதற்கான ஆன்ட்டிபாடி அந்த உடம்பில் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கிறது என்று பொருள். மீறி வைத்தால், தையல் போட்டு முடிப்பதற்குள்ளேயே புதுக் கிட்னி கறுத்துப்போகலாம்.

இந்த டெஸ்ட்டின் அருமையை உலகத்துக்குப் புரியவைத்தவர் பால் டெராசாகி. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். 1969-ல் அவரும் படேல் என்ற டாக்டரும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கிராஸ் மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் கிட்னி வைக்கப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு உடனடித் தோல்வி. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான். அதன்பிறகு இந்தப் பரிசோதனை இல்லாமல் கிட்னி மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

டாக்டர் அக்காவைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு எத்தனை பிரசவம்மா?"

"ரெண்டு சார். நடுவுல ஒண்ணு தங்கல."

"அதுதான் காரணமா இருக்கும்."

பிள்ளை என்பது பாதி அம்மா, பாதி அப்பா. வயிற்றில் இருக்கும்போது அந்த அப்பா பாதியைத் தாயின் எதிர்ப்பு சக்தி பார்த்துவிடுகிறது. 'இது நம்ம ஆள் இல்லையே' என்று குறித்தும் வைத்துக்கொள்கிறது. குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. இருபது வருஷம் கழித்து அதே அப்பாவின் கிட்னி வந்து நிற்கும்போதுதான் பழைய நோட்டைப் புரட்டுகிறது. எல்லாப் பெண்களுக்கும் இப்படி ஆகாது. சிலருக்கு ஆகும். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இதே தொல்லை வரலாம்.

வரும் வழியில் காரில் ஒருவரும் பேசவில்லை. கத்திப்பாரா தாண்டும்போது அக்காதான் ஆரம்பித்தாள்.

"இருபத்தாறு வருஷமா நான் ஒத்துக்கிட்ட மனுஷனை என் உடம்பு ஒத்துக்கலையாம். எங்க போய்ச் சொல்றது?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டயாலிசிஸ் வார்டில் அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவர். புருஷனுக்கு மனைவி கொடுப்பாள், பிள்ளைக்கு அம்மா கொடுப்பாள். நம் நாட்டில் உயிரோடு இருந்து கிட்னி கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அதை மாற்றிக் காட்டவேண்டும் என்று நினைத்தவரைப் பெற்ற பிள்ளைகளே வழிமறித்துவிட்டார்கள்!

வேறு வழிகளும் உண்டு. இதேபோல மாட்டிக்கொண்ட இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ளலாம். 2011-ல் திருத்தப்பட்ட சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆன்ட்டிபாடியை வடிகட்டிப் பார்க்கலாம். செலவும் ஜாஸ்தி, ரிஸ்க்கும் ஜாஸ்தி. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கலாம். இல்லையென்றால், கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறான்.

அந்த ஒருவன் நான்தான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "நான் தர்றேன்க்கா" என்று உடனே சொன்னேன். சொன்ன ராத்திரியே கால்குலேட்டரை எடுத்துவிட்டேன். நம் ஒவ்வொரு செல்லிலும் ஆறாவது குரோமோசோமில் ஹெச்.எல்.ஏ. என்ற அடையாளச் சீட்டுக்கான ஜீன்கள் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட். ஆக, உடன்பிறந்தவர்கள் இரண்டு பேருக்கு முழுசாகப் பொருந்த வாய்ப்பு 25 சதவிகிதம். பாதி பொருந்த 50. சுத்தமாகப் பொருந்தாமல் போக 25.

நான் அந்தக் கடைசி இருபத்தைந்தைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில். வீட்டுக்கடன் பாக்கி. என் மனைவி அன்றைக்கு இரண்டே வாக்கியம்தான் பேசினாள். "கொடுக்காதீங்கன்னு நான் சொல்லமாட்டேங்க. கொடுங்கன்னும் என்னால சொல்ல முடியல."

அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கப் போனபோது டாக்டரிடம் நைஸாகக் கேட்டேன். "பொருத்தம் சுத்தமா இல்லைன்னா விட்டுடுவீங்கதானே?"

அவர் சிரித்தார். "இப்போ மருந்து நல்லா இருக்கு சார். பொருத்தமே இல்லாத புருஷன் பெண்டாட்டி எத்தனையோ பேர் கொடுத்து வாங்கி நல்லா இருக்காங்க. பொருத்தம் கூடினா நல்லதுதான். ஆனா கிராஸ் மேட்ச் நெகட்டிவா இருக்கணும். அதான் முக்கியம்."

என் இருபத்தைந்து சதவிகிதம் அங்கேயே காலி.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே உலகின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றைச் செய்தபோது மருந்து எதுவும் இல்லை. ரொனால்ட் ஹெரிக் தன்கூடவே பிறந்த இரட்டையர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ஒரே மாதிரி இரட்டையர்தானா என்று உறுதி செய்ய, ஒருவர் தோலை இன்னொருவர்மேல் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிக்கொண்டது. ரிச்சர்ட் எட்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். ஆனால் எல்லோரும் இரட்டையராகப் பிறக்க முடியுமா? எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி பிறந்தது. அவற்றில் பெரிய திருப்பம் தந்த சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அக்கா இன்று சாப்பிடும் டாக்ரோலிமஸ் ஜப்பான் மண்ணிலிருந்து எடுத்த கிருமி தந்தது.

எனக்கு ரிசல்ட் வந்தது. ஹெச்.எல்.ஏ. பாதிப் பொருத்தம். கிராஸ் மேட்ச் நெகட்டிவ். இந்தத் தடவை மாமா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் இடது கிட்னி அக்காவின் வலது அடிவயிற்றில் குடியேறியது. பழையவற்றை எடுக்கவில்லை, பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். ஒரு வாரத்தில் அவளுடைய கிரியேட்டினின் 1.1-க்கு இறங்கியது. நான் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு தியாகி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பதாவது நாள் 1.9 என்று போன். ஊசி போட்டுக் கிட்னியில் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்த்தார்கள். ரிஜெக்‌ஷன்.

நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கோபம் வந்தது. நான் கொடுத்ததை வேண்டாமென்று தள்ளுகிறாளே என்று! அவள் எங்கே தள்ளினாள்? அவளுடைய டி செல்கள் தங்கள் வேலையைச் செய்தன. அந்நியன் வந்தால் அடி என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே பாடம். காய்ச்சலிலிருந்து நம்மைக் காப்பாற்றுவதும் அதே பாடம்தான். மூன்று நாள் தொடர்ந்து பெரிய டோஸில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். நாலாவது நாள் 1.6. அப்புறம் 1.3. அங்கேயே நின்றுவிட்டது.

இன்றைக்கும் காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது அவளுடைய செல்போனில் அலாரம் அடிக்கும். கல்யாண வீடோ, சாவு வீடோ, மாத்திரை டப்பா வெளியே வரும். வேளை தவறினால் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும். அதிகமாகப் போனால் கிருமிகள் உள்ளே வரும், கிட்னிக்கும் ஆகாது. அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்புற பம்ப்ளிமாஸ் அவளுக்கு உயிர். அதுவும் இப்போது தடை. அந்தப் பழம் மருந்தின் அளவை ஏற்றிவிடுமாம்.

போன தீபாவளிக்கு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. டெஸ்ட் கொடுத்தப்போ மேட்ச் ஆகக் கூடாதுன்னு நினைச்சேன்."

"தெரியும்டா. உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "நானும் அதத்தான் வேண்டிக்கிட்டேன். உன் பிள்ளைங்க ரெண்டும் சின்னதுங்க. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பெண்டாட்டி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அலாரம் அடித்தது. "ஏய், ஒம்பது ஆச்சு!" என்று மாமாவின் குரல் தண்ணீர் சொம்போடு மாடிப்படி ஏறி வந்தது.