பேசாத ஸ்பீக்கர்

எங்கள் அப்பா திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுகிறார். வீட்டில் ஐந்து பேருக்கும் சோறு போடுவது அந்தக் கார்தான். அதனால் அதில் ஒரு திருகாணி கழன்றாலும் எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. கொடைக்கானலுக்குப் போகும் பயணிகள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் முதலில் கேட்பது, “டிரைவர், பாட்டுப் போடுங்க” என்பதுதான். பாட்டு நன்றாக இருந்தால் மறுமுறையும் அப்பாவையே கூப்பிடுவார்கள்.

சென்ற மே மாதம், சீசன் மும்முரமாக இருந்தபோது, முன்பக்க இடது கதவிலுள்ள ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டது. முன்சீட்டில் அமர்ந்து வந்த பெரியவர் ஒருவர், “என்னப்பா, உன் காருக்கு ஒரு பக்கம் தொண்டை கட்டிக்கொண்டதா?” என்று கேட்டாராம். அப்பா முகம் வாடி வீடு வந்து சேர்ந்தார்.

முந்தின நாள் மாலை எங்கள் தம்பி காரில் உட்கார்ந்து ஸ்டீரியோவின் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்ததை அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் பார்த்திருந்தோம். உடனே அப்பாவிடம் சொல்லிவிட்டோம். “நான் உடைக்கலப்பா” என்று அவன் அழுதான். யார் கேட்டார்கள்? முதுகில் ஓர் அடியும், இனிமேல் காரைத் தொடக்கூடாது என்ற கட்டளையும் அவனுக்குக் கிடைத்தன. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அன்றிரவு சாப்பிடாமலே தூங்கிப்போனான்.

மறுநாள் கடைக்காரர், “செட் போய்விட்டது; புதிது மாட்டினால் 4,000 ரூபாய்” என்றார். ஜூன் மாதம் பள்ளி திறக்கப் போகிறது. எங்கள் மூவருக்கும் சீருடை, நோட்டு எல்லாம் வாங்கவேண்டும். அப்பா ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார்.

கடைக்காரர் செட்டைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை என்பது எங்களை உறுத்தியது. “ஊகிக்காதீர்கள், சோதியுங்கள்” என்று இயற்பியல் வகுப்பில் சிஸ்டர் அடிக்கடி சொல்வார்கள். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பிறகே மருந்து கொடுக்கவேண்டும் என்று வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்னது காருக்கும் பொருந்தாதா? ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லை. அப்பாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினோம். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியன் அண்ணன் மல்டிமீட்டரைக் கொடுத்து, “ஒயரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்” என்று எச்சரித்தார்.

செட்டிலிருந்து ஒலி நான்கு வழிகளில் போகிறது: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. பேலன்ஸை முழுவதும் இடப்பக்கமும், ஃபேடரை முழுவதும் முன்பக்கமும் திருப்பினோம். ஒரே அமைதி. ஃபேடரைப் பின்பக்கம் திருப்பியதும் பின் இடது ஸ்பீக்கர் பாடியது. ஆகவே முன் இடது வழி ஒன்றில்தான் பழுது. அது செட்டிலா, ஒயரிலா, ஸ்பீக்கரிலா?

செட்டை வெளியே இழுத்தோம். எங்கள் செட்டில் முன் இடதுக்கு வெள்ளை ஒயர், முன் வலதுக்குச் சாம்பல்நிற ஒயர். ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒன்று. அவ்விரண்டு ஜோடிகளையும் இடம் மாற்றி இணைத்து, ஒன்றோடொன்று உரசாதபடி டேப் சுற்றினோம். அமைதி வலது கதவுக்கு மாறினால் குற்றவாளி செட். இடது கதவிலேயே நின்றால் செட் நிரபராதி. பாட்டைப் போட்டோம். இடது கதவுக்குரிய ஒலியை வலது கதவு கணீரென்று பாடியது. இடது கதவோ அப்போதும் மௌனம்! 4,000 ரூபாய் தப்பியது என்று நாங்கள் குதித்த குதியில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள்.

அடுத்து இடது கதவின் உள்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் ஒயர்களைப் பிரித்தோம். சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் செல்லை அதன் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டோம். ‘டக்’ என்று சத்தம் வந்தது. காகிதக் கூம்பும் அசைந்தது. மீட்டரிலும் மின்தடை 4 ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுதான் ஆரோக்கியம். எனவே ஸ்பீக்கரும் நலம். எஞ்சியது ஒயர்.

ஒயரின் ஒரு நுனியில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறு நுனியில் மீட்டரை வைத்தோம். மீட்டர் ஒலிக்கவில்லை. எங்கோ அறுந்திருக்கிறது. ஆனால் எங்கே? ஒருத்தி மீட்டர் முனைகளைப் பிடிக்க, மற்றவள் ஒயரை அசைக்க, கதவை ஆட்ட ஆளில்லை. வாசற்படியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டோம். “அப்பா தொடக்கூடாதுன்னாங்க” என்றான். அப்பாவே, “வாடா” என்றார்.

அவன் பயந்து பயந்து கதவை மெல்லச் சாத்தினான். பாதி வந்ததும் மீட்டர் ‘கீ’ என்று கத்தியது. முழுக்கத் திறந்ததும் அடங்கியது. மீண்டும் சாத்தினான், மீண்டும் கத்தியது. கீலுக்குப் பக்கத்தில் ஒயர் நுழையும் ரப்பர்க் குழாயை விலக்கிப் பார்த்தோம். மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து கிடந்தன. நாளொன்றுக்கு 20 முறை திறந்தாலும், 300 நாளில் 6,000 முறை அந்த ஒயர் மடிந்து நிமிர்கிறது. எந்தக் கம்பிதான் தாங்கும்? தம்பி திருகிய பொத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் கையால் ஆட்டிய கதவே அவனுக்காகச் சாட்சி சொன்னது.

அண்ணன் கதவுக்குள் புது ஒயரை இழுத்து, மடியும் இடத்தில் இணைப்பு வராமல் உள்ளே தள்ளிப் பற்றவைத்துக் கொடுத்தார். பிளஸையும் மைனஸையும் மாற்றிவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்களும் எதிரும் புதிருமாக அசைந்து தாழ்ந்த ஒலி குறைந்துவிடும் என்பதையும் அவரிடமே கற்றோம். மொத்தச் செலவு 60 ரூபாய்.

நான்கு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடியபோது அப்பா தம்பியைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, “எந்தப் பாட்டுடா வேணும்?” என்று கேட்டார். எங்களுக்குத்தான் தொண்டை அடைத்தது. “மன்னிச்சிரு தம்பி” என்றோம். அவன் பாட்டில் மூழ்கியிருந்தான், கேட்டதோ என்னவோ!

அன்புத் தோழியரே, ஒரு ஸ்பீக்கரைக் குற்றம் சொல்வதற்கு முன் நாங்கள் நான்கு சோதனை செய்தோம். எங்கள் தம்பியைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றுகூடச் செய்யவில்லை. இதை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

– அக்காளும் தங்கையும்
11-ஆம் வகுப்பு, 9-ஆம் வகுப்பு