குடாவுக்கு அந்தப் பக்கம்

26 நவம்பர் 2020, வியாழன்

காலை 6.40. மூதூர் லிங்க்கில பக்கற் லொஸ் 11%. எட்டேகாலுக்கு 9. பத்து மணிக்குப் பிறகு பூச்சியம்.

பதினொன்றரைக்குக் கொழும்பிலிருந்து சேர். "நான் இப்பதான் பிங் பண்ணினன் மிஸ். நாலுக்கு நாலும் வருது. லிங்க் நல்லாத்தானே இருக்கு." பதினொன்றரைக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.

மூதூரில் அடகுக் கவுன்டர் காலையிலதான் நெருக்கம். திரை உறைஞ்சு நிக்க, கழற்றின காப்பைக் கையில வைச்சபடி சனம் பார்த்துக்கொண்டு நிக்குமாம். அங்க இருக்கிற நானா சொன்னார். கொரோனாக் காலம், அடகுக்கு வராத வீடு இல்ல.

இடது கடைவாய்ப்பல் குத்துது. கராம்பு வைச்சன்.

27, வெள்ளி

நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் போய் முடிஞ்சுது. இங்க இலை அசையேல்ல. 14%.

முதல்ல பிங்குக்குப் பதில் வாற நேரம் ஏறும். 2 மில்லிசெக்கன், 2, 3. பிறகு திடீரென்று 38, 71, 140. பிறகுதான் விழத் தொடங்கும். லினக்ஸ் விழுந்ததை வாய்திறந்து சொல்லாது. வரிசை எண் 212, அடுத்தது 216. இடையில மூன்று போச்சு. றேடியோ திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏலாமல் கைவிடுது. அந்த 140தான் எனக்கு முக்கியம். சேருக்கு அனுப்புற அறிக்கையில சராசரிதான் வேணுமாம். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் 3%. அழகான எண்.

கணக்குப் போட்டன். 3% லொஸ் உள்ள லிங்க்குக்கு நாலே நாலு பக்கற் அனுப்பினால், நூறு தடவையில 88 தடவை நாலும் திரும்பி வரும். அதுவும் லொஸ் பரவலாய் விழுந்தால்தான். இது கூட்டமாய் விழுற சாதி. மத்தியானத்தில ஆயிரம் அனுப்பினாலும் ஒண்டும் தெரியாது.

பல் பரவாயில்ல.

28, சனி

ரவரில பொடியன். கனெக்டர் ரெண்டிலயும் பச்சை பிடிச்சிருக்கு, உப்புக்காற்று. மாத்தினான். நான் கீழ லப்டொப்பில சத்தத்தோட பிங் ஓட விட்டு, போன் ஸ்பீக்கரில அவனுக்குக் கேக்க விட்டன். பதில் வர ஒரு பீப். அவன் வயரை ஆட்ட ஆட்ட பீப் நிக்குதா என்று பார்க்கிறது. நிக்கேல்ல. கனெக்டரில பிழை இல்ல.

இந்த வேலை என்ர கண்டுபிடிப்பு இல்ல. பிங்கை எழுதின மைக் மூஸே ஒரு கதை எழுதி வைச்சிருக்கிறார். யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டரைப் பிங், பிங் என்று ஸ்டீரியோவில கத்தவிட்டு, சத்தம் நிக்கிற வரைக்கும் கட்டடம் முழுக்க ஈதர்நெற் கனெக்டர்களை ஆட்டிக்கொண்டு திரிஞ்சாராம். பிங்கை அவர் 1983 டிசம்பரில, அமெரிக்க இராணுவத்தின்ர ஆய்வுகூடத்தில, ஒரே மாலையில எழுதினது. சோனார் மாதிரிச் சத்தம் விட்டு எதிரொலி கேக்கிற யோசனைதான். மூஸ் 2000 இல வீதி விபத்தில செத்துப்போனார். 42 வயசு. என்னை விட ஒரு வயசு கூட.

தாத்தா டொக்யாட்டில வேலை, 1957 இல வெள்ளைக்காரன் கையளிக்கும் வரை. யுத்தக் கப்பல்களில நீர்மூழ்கி தேடுற கருவி இருந்ததைப் பெருமையாய்ச் சொல்லுவார். இந்தத் துறைமுகத்தில எதிரொலி கேட்டவங்கள் எத்தினை பேர்.

அம்மாவுக்கு அந்த பீப் பிடிக்கேல்ல. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, நிப்பாட்டு."

29, ஞாயிறு

விளக்கீடு. போயா. வாசலில இருந்து கேற் வரைக்கும் சிட்டி வைச்சன். ஒண்டுகூட அணையேல்ல. சுடர் ஆடவேயில்ல.

உள்ள வந்து பார்த்தன். 17%.

திரும்ப வெளிய போய்ச் சுடரைப் பார்த்தன். திரும்ப உள்ள வந்தன். பழைய கொப்பியை எடுத்து, காற்று எண்டு எழுதின நாள்களையும் லொஸ்ஸையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தன். நித்திரை வரேல்ல. பல்லாலயும்தான்.

30, திங்கள்

கரண்ட் பில்லின்ர பின்பக்கம் முழுக்கக் கணக்கு. குடா 14 கிலோமீற்றர். 5.8 கிகாஹேர்ட்ஸ். நடுக்கடலில ஃபிரெனல் வலயம் 13 மீற்றர் ஆரை, அது தாராளமாய் வெளியாய் இருக்கு. பிரச்சினை மறிப்பு இல்ல, தெறிப்பு. ஒரு அலை நேராய்ப் போகுது, இன்னொண்டு தண்ணியில பட்டு எழும்பிப் போகுது. ரெண்டும் எதிரும் புதிருமாய்ப் போய்ச் சேர்ந்தால் ஒண்டையொண்டு தின்னும். கடல் கொந்தளிச்சால் தெறிப்பு உடைஞ்சு சிதறும், நேர் அலை தப்பும். பகலில கடற்காற்று எழும்பப் பத்து மணி. அதுதான் பத்து மணி.

எங்கட பக்க அன்ரெனாவைப் பதின்மூன்றடி இறக்கினால் போதும். சேருக்கு மெயில் போட்டன். பதில்: "கடல் அமைதியா இருந்தா லிங்க் விழும் எண்டு மனேஜ்மென்டுக்கு எப்பிடி மிஸ் சொல்லுறது?"

மூன்று மணித்தியாலம் மெயிலைத் திறந்து திறந்து படிச்சன். கோபம். பிறகு சிரிப்பும் வந்தது. பிறகு கோபம்.

1 டிசம்பர், செவ்வாய்

அடுத்த புயலுக்குப் புரெவி எண்டு பேர் வைச்சாச்சு. நேராய் எங்களுக்குத்தானாம். அம்மா '64ஐத் தொடங்கிட்டா. டிசம்பர் 22, அவவுக்குப் பத்து வயசு, கூரை போனது, அதே புயலில தனுஷ்கோடியில ரயில் போனது. நாலு தரம் சொன்னா. திருக்கடலூரில வள்ளமெல்லாம் மேல இழுத்தாச்சு.

காற்று ஏறுது. லொஸ் 1%.

நானா: "தங்கச்சி, இண்டைக்குக் காலையில கவுன்டர் ஓடுது, என்ன செஞ்சீங்க?" நான் ஒண்டும் செய்யேல்ல நானா, கடல் செய்யுது. அவர் சிரிக்கேல்ல. பிள்ளைகளோட பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருக்காம்.

பற்றரி பார்த்தன். பல்டாக்டர் பூட்டிட்டார்.

2, புதன்

மதியம். 0%. 2 மில்லிசெக்கன். மழை சரிவாய் அடிக்குது.

மாலை 5. 0%.

இரவு 8. அலை பாறையில அடிக்கிறது இங்க கேக்குது. 0%. இந்த லிங்க் போட்ட நாளிலிருந்து இப்பிடி ஒரு நாள் ஓடேல்ல. பார்க்க ஆசையாய் இருக்கு. இதை எழுத வெக்கமாயும் இருக்கு.

8.40 கரண்ட் போச்சு. பற்றரியில ஓடுது. வீட்டுக்கு இழுத்த வயரும் வேலை செய்யுது.

9.52. வரிசை எண் 1188. அதுக்குப் பிறகு இல்ல. கொஞ்ச நேரம் ஒண்டுமே வரேல்ல. பிறகு 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'. அது மூதூர் சொல்லுறது இல்ல. எங்கட பக்க றூட்டரே தேடிக் களைச்சுச் சொல்லுறது.

நானாவின்ர போன் ஓஃப்.

பதினொரு மணிக்கு றேடியோச் செய்தி. திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில கரை ஏறுதாம். அம்மா சாமியறையில. நான் பிங்கை நிப்பாட்டேல்ல.

3, வியாழன்

ரெண்டு மரம் விழுந்திருக்கு, மதில் ஒண்டு. பயந்த அளவுக்கு இல்ல. அம்மாவுக்கு '64 அளவுக்கு இல்லையென்று ஒரு மாதிரி ஏமாற்றம், சத்தியமாய்.

அன்ரீச்சபிள். அன்ரீச்சபிள். கன்னம் வீங்கியிருக்கு.

பிற்பகல் 4.10. 64 பைட்ஸ். 2.3 மில்லிசெக்கன். கத்திட்டன். அம்மா ஓடி வந்தா. றூட்டர் பதில் சொன்னால் றூட்டருக்குக் கரண்ட் வந்திட்டுது எண்டு மட்டும்தான் அர்த்தம், ஆனாலும் கத்திட்டன்.

7 மணிக்கு நானா. பள்ளிக்கூடத்தில சார்ஜ் போட ஒரு பிளக், அறுபது பேராம். "நாங்க நல்லம். உங்க பல் எப்பிடி?"

5, சனி

கடல் அடங்குது. காலை 4%.

பல் பிடுங்கியாச்சு. வாயில பாதி எனக்குச் சொந்தமில்லாத மாதிரி. சேர் கூப்பிட்டார், கதைக்க ஏலாது எண்டு அம்மா சொன்னா. நல்லது.

7, திங்கள்

காலை 12%.

சேரிட்ட இருந்து படிவம் வந்திருக்கு: புயல் சேதத் திருத்தம், ரவர், மூதூர் லிங்க். அவராய்ப் பெட்டியில அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறார். அமைதியான கடலுக்குப் பெட்டி இல்லையாம். புயலுக்கு இருக்காம். "கையெழுத்துப் போடுங்க மிஸ், இந்தக் கிழமையே காசு வரும்."

புயலில ஒண்டும் சேதமாகேல்ல. அந்த ஒரு நாள்தான் ஒழுங்காய் ஓடினது. மத்தியானம் வரை படிவத்தை மேசையில போட்டு வைச்சன். நானா ரெண்டு தரம் கூப்பிட்டார், கவுன்டரில சனமாம், ஒரு கிழவி காலையிலிருந்து நிக்குதாம்.

போட்டன். புதன் பொடியன் ஏறுறான். பதின்மூன்றடி.